திருத்தொண்டர் புராணப் பேருரையாளர்
கோவைச் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார்

கோயம்புத்தூர் நகரத்தின் தென்பால் உக்கடம் என்னும் பகுதி உள்ளது. நொய்யலாற்று நீரைக் கால்வழியே பெறும் பெரியகுளம் அதன் மருங்கில் விரிந்து கிடக்கிறது. வடக்கே, கோட்டை அழிந்தும் பெயர் அழியாத கோட்டைமேட்டில் சங்கமேசுவரர் திருக்கோயில் இருக்கிறது. மேற்கே செல்வபுரம் வழியாகச் செல்லும் பாதை திருப்பேரூருக்குப் போகிறது. பேருந்து நிலையமும் மேம்பாலமும் வந்து இவ்விடத்தின் தோற்றம் இன்று பெரிதும் மாறிவிட்டது. எனினும் பட்டிப்பெருமானை வழிபடப் போவோர்க்கு இது பழைய வழியே. சேக்கிழார் சுவாமிகள் கூறும் காஞ்சிமாநதி இந்நொய்யலே. ஆளுடைய நம்பிகள் அதன் கரையிலுள்ள பேரூரை யடைந்து, அங்கே தில்லைத் திருக்கூத்தைக் கண்டு, அக்காட்சியால் மீண்டும் தில்லையை நினைந்து புறப்பட்டாரென்பது ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துட் காணப்படும் செய்தி.

உக்கடத்திற்கு வடக்கே நடந்து செல்லும் தூரத்தில், நகரத்தின் பழைய கடைவீதிகளுக்கு நடுவே வைசியாள் வீதி உள்ளது. திருத்தொண்டர் புராணம் முழுமைக்கும் ஏழு பெரும் பகுதிகளாக அமைந்த விருத்தியுரை அவ்வீதியிலிருந்துதான் வெளிவந்தது. அதனை இயற்றியவர் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியாரவர்கள். ஆதீனங்களிலும் மடங்களிலும் சைவர் இல்லங்களிலும் அவ்வுரை வைக்கப்பெற்றிருத்தலை அன்பர்கள் அறிவர். உரையை அறிந்த அளவிற்கு உரையாசிரியரை அறிந்தவர் இப்பொழுது சிலரே. ஆகலின் அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

முதலியாரவர்கள் 1878ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிற் பிறந்தார்கள். தந்தையார் கந்தசாமி முதலியார். தமிழும் சைவமும் பயின்ற குடும்பம். அக்காலத்துக் கோவை பஞ்சாலைகளால் பெயர் பெறத் தொடங்கியிராத சிறு நகரம். 1866இல்தான் அது முனிசிபாலிட்டியாயிற்று. முதல் நூற்பாலை 1888இல், முதலியாரவர்கள் பத்துவயதுச் சிறுவராயிருந்தபோது, ஏற்பட்டது. ஆங்கிலக் கல்வியை நாடியவர் கோவையில் தொடங்கிச் சென்னையில் முடிப்பதே வழக்கம். இவர்களும் அவ்வாறே சென்னை மாகாணக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்று, பின்னர்ச் சட்டமும் கற்று, ஊர் திரும்பி வக்கீல் தொழிலை மேற்கொண்டார்கள். சைவ சாத்திரங்களைக் கயப்பாக்கம் சதாசிவச் செட்டியாரவர்களிடத்துக் கேட்டுணர்ந்தார்கள். கல்லூரியிற் பெற்றது தொழிலுக்காயிற்று. ஆசிரியரிடத்துக் கேட்டது வாழ்வுக்காயிற்று. இவ்விரண்டும் பிற்காலத்தில் ஒரே பணியில் வந்து கூடியமையே இவர்கள் சரித்திரத்தின் சிறப்பு.

வக்கீலாயிருந்த முதற் பத்தாண்டிற்குள் நிகழ்ந்ததொன்றைச் சொல்லாமல் மேற்செல்லலாகாது. தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1908ஆம் ஆண்டில் தண்டனை பெற்றுக் கோவைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். 1910இல் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்படும் வரையில் அவர் இங்கேயே இருந்தார். செக்கிழுத்த துன்பமும் இங்கேதான். அந்நாளில் அரசாங்கத்தின் சினத்திற்காளான ஒருவரோடு தொடர்பு வைத்துக்கொள்ள அஞ்சாத வக்கீல்கள் சிலரே. முப்பது வயதினராயிருந்த சுப்பிரமணிய முதலியார், சிறையிலிருந்த பிள்ளையவர்களுக்கு உற்றுழி உதவினார். பிள்ளையவர்கள் தாம் செய்யுளாக எழுதிய சுயசரிதையில் இவரை நினைந்து போற்றியிருக்கிறார். பிள்ளையவர்களும் சைவ சித்தாந்தத்தில் ஈடுபாடுடையவர். சிவஞானபோதத்திற்கு உரை கண்டவர். ஆகவே இந்நட்பை அரசியல் நட்பென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அடியாரை அடியார் பேணுதல் என்னும் பெரியபுராணப் பொருளை, அதற்கு உரையெழுதுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, இவர்கள் நடத்தையிற் காட்டினார்களென்று கொள்வோம்.

வக்கீல் தொழிலும் நகரத்துப் பொதுக் காரியங்களும் கோயிற்பணிகளும் அடுத்த பல ஆண்டுகளை எடுத்துக்கொண்டன. அக்காலத்துக் கோவை நியாயஸ்தலம் தமிழுக்கு ஒரு சங்கம்போலவே இருந்ததென்று சொல்லலாம். கொங்குநாட்டு வரலாற்றை ஆராய்ந்தெழுதிய கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியாரும் இந்நகரத்து வக்கீலே. பகலில் பத்திரங்களையும் சாட்சிகளையும் ஆராய்ந்தவர்கள் மாலையிற் கல்வெட்டுக்களையும் புராணங்களையும் ஆராய்ந்தார்கள். முதலியாரவர்கள் சேக்கிழாரைக் குறித்துச் சென்னைப் பல்கலைக்கழகச் சார்பிற் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்கள். அவை நூலாகவும் வெளிவந்தன. மாணிக்கவாசகரைக் குறித்தும் கருவூர்த்தேவரைக் குறித்தும் எழுதிய நூல்களும் உண்டு. இவையெல்லாம் பேருரைக்கு முன்னும் பின்னுமாக நின்ற சிறு பணிகளென்க.

இனிப் பேருரைக்கு வருவோம். சேக்கிழார் சுவாமிகள் திருத்தொண்டர் புராணத்தைத் தில்லையில் அரங்கேற்றிய காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. நாலாயிரத்திருநூற்றுக்கு மேற்பட்ட திருவிருத்தங்களையுடைய இந்நூல் பன்னிரண்டாந் திருமுறையாகவும் வைக்கப்பெற்றது. அங்ஙனமிருந்தும் பல நூற்றாண்டுகள் இது பாராயணத்திலும் பிரசங்கத்திலும் வாழ்ந்ததே யன்றி, சொல்தோறும் நின்று பொருள் விரிக்கும் முழுவுரை பெறாதிருந்தது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் புராணத்தை வசனமாக்கித் தந்தார்கள். தாம் எழுதிய சூசனத்தைக் காரைக்காலம்மையார் புராணத்தோடு நிறுத்தினார்கள். காஞ்சிபுரம் ஆலாலசுந்தரம் பிள்ளையவர்களும் உரை செய்தார்கள். திரு. வி. கலியாணசுந்தர முதலியாரவர்கள் குறிப்புரை வரைந்தார்கள். ஒவ்வொருவர் பணியும் ஒவ்வொரு வகையிற் பயன்பட்டதே. ஆயினும் திருமுறைகள், சாத்திரங்கள், கல்வெட்டுக்கள், தலங்கள் என்னும் நான்கையும் ஒருங்கு கொண்டுவந்து புராணத்தோடு பொருத்திக் காட்டும் உரை வேண்டியிருந்தது. முதலியாரவர்கள் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தபின் அதனை மேற்கொண்டார்கள். உரை முதலிற் சஞ்சிகைகளாக வெளிவந்தது. முதற்பகுதி 1937இல் நூலுருப்பெற்றது. ஏழாம் பகுதியோடு பணி நிறைவெய்தியபோது 1950க்கு மேல் ஆகிவிட்டது. முதலியாரவர்கட்கும் வயது எழுபத்தைந்தை எட்டியது. இடையே இரண்டாம் உலகப்போர் வந்தது, காகிதம் கிடைத்தல் அரிதாயிற்று, அச்சுக்கூலி ஏறிற்று. ஓர் ஆதீனத்தின் பொருள் நிலையமும் இப்பணிக்குப் பின்னால் நிற்கவில்லை. கோவைத் தமிழ்ச் சங்கத்தின் பெயரால், சேக்கிழார் நிலையம் என்று பெயரிடப்பெற்ற தமது இருப்பிடத்திலிருந்தே இவர்கள் அதனை நடத்தி முடித்தார்கள்.

உரையின் அமைப்பை அறியாதவர்க்காகச் சில சொல்வோம். ஒவ்வொரு பாட்டின் கீழும் முதலில் இதன்பொருள் தெளிவாக நிற்கும். பின் விளக்கவுரை வரும். அதிற் சொல்லாராய்ச்சி, பிற திருமுறை ஒப்புமை, சிவஞானபோதம் சித்தியார் முதலிய சாத்திரக் கருத்து, பாடபேதம் யாவும் இடம்பெறும். நாயன்மார் ஒரு தலத்திற் பதிகம் பாடியருளினார் என்று சேக்கிழார் கூறுமிடந்தோறும், அப்பதிகத்தின் உட்கருத்தைக் குறிப்பாகத் தொகுத்துக் காட்டுவார். அடுத்துத் தலவிசேடம்: சுவாமி பெயர், அம்மை பெயர், தீர்த்தம், மரம், வழிபட்டோர், பதிக எண்ணிக்கை, அன்றியும் எந்தப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி எத்திசையில் எவ்வளவு தூரம் செல்லவேண்டும் என்பது. புராண இறுதியிற் சரிதச் சுருக்கமும், கற்பனை என்னும் தலைப்பின் கீழ் அச்சரிதத்தால் அறியத்தக்க உண்மைகளும் எண்ணிட்டுத் தரப்படும்.

புகைவண்டி நிலையத்தை உரையுட் புகுத்தியது கண்டு நகைத்தவரும் இருந்திருக்கலாம். நாம் அதனையே இவ்வுரையின் உயிர்நிலைகளுள் ஒன்றாகக் கருதுகின்றோம். காரணம் கூறுவோம்.

முதலியாரவர்கள் தொழிலால் வக்கீல். ஒரு செய்தி மெய்யென்று நிறுவவேண்டின் சான்று காட்டவேண்டுமென்பது அவர்கட்கு நாள்தோறும் பழகிய நெறி. தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஒரு வழக்கே நடக்கிறது. கிழவேதியராய் வந்த இறைவர் மணப்பந்தரில் ஆளோலை காட்டுகிறார். நம்பிகள் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. நெடுநாள் வழக்கம், எழுத்து, பிறர் சாட்சி என்னும் மூவகைச் சான்றுகளுள் எதைக் கொண்டு நிறுவுவீர் என்று சபையார் வினவுகின்றனர். கிழிந்தது படியோலை, மூலவோலை கையிலுள்ளதென்று வேதியர் சொல்கின்றார். பாட்டனாரின் வேறு கையெழுத்தை வருவித்து ஒப்பு நோக்கித் தீர்ப்புச் சொல்லப்படுகிறது. படியும் மூலமும், கையெழுத்தொப்பும், அறிந்தோர் சாட்சியும் எல்லாம் இன்றைய நியாயஸ்தலத்தில் உள்ளவையே. இப்பகுதியின் உரையை வாசிப்போர் ஒரு வக்கீலின் கண் அங்கே விழித்திருத்தலை உணர்வர். சோழர்காலத்து அமைச்சர் ஒருவர் வழக்கு நடைமுறையை எவ்வளவு நுணுகி அறிந்திருந்தாரென்பதும், அதை அறிந்துகொள்ள எண்ணூறாண்டு கழித்து மற்றொரு சட்டம் வல்லவர் வேண்டியிருந்ததென்பதும் எண்ணி மகிழத்தக்கவை.

இந்நெறியையே புராண முழுதும் அவர்கள் கையாண்டார்கள். சேக்கிழார் ஓர் ஊரைச் சொன்னால் அவ்வூர் இன்னும் இருக்கிறதா, ஆற்றுக்கு எக்கரையில் இருக்கிறது, நாயனார் சென்ற வரிசையில் அடுத்த ஊர் அடுத்துத்தான் வருகிறதா என்று பார்த்தார்கள். ஒரு பதிகம் பாடிய சூழலைச் சேக்கிழார் சொன்னால் அப்பதிகத்தினுள்ளேயே அதற்கு அகச்சான்று உண்டா என்று தேடினார்கள். கொங்குநாட்டவர்க்கு இவ்வகையில் நெருங்கிய இடங்கள் சில உண்டு. திருமுருகன்பூண்டியில் வேடுவர் வழிப்பறித்த வரலாறும், திருப்புக்கொளியூர் அவிநாசியில் முதலையுண்ட பாலனை அழைத்த வரலாறும், திருச்செங்கோட்டில் ஆளுடைய பிள்ளையார் நளிர்சுரம் தீர்த்த வரலாறும் அத்தகையன. இவற்றிற்கெல்லாம் பதிகங்களே முதற்சான்று. புராணம் அச்சான்றை விளக்கும் வாக்குமூலம். தலபுராணத்தை இதற்கு வேறாக வைத்தல் வேண்டும். பேரூரில் இறைவர் பள்ளராய் வயலில் நாற்று நட்டு நம்பிகளுக்கு ஒளித்தாரென்பது கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணத்து வரும் செய்தி. சேக்கிழார் வாக்கில் அது இல்லை. இரண்டையும் குழைத்துப் பேசும் பிரசங்கிகள் இக்காலத்தும் உளராகலின் இதனை இடையே குறித்தோம்.

இவ்வளவு சான்று எதற்கு? அன்புடையார்க்குச் சான்று வேண்டா என்பார் உளர். ஆனால் முதலியாரவர்கள் எழுதிய காலம் எத்தகையதென்று நினைத்தல் வேண்டும். உரை பாதிவழியில் நின்ற ஆண்டுகளிலேயே பெரியபுராணமும் கம்பராமாயணமும் தீயிலிடத்தக்கவை என்னும் கிளர்ச்சி தமிழ்நாட்டில் எழுந்தது. 1943ஆம் ஆண்டில் சென்னையிலும் சேலத்திலும் இதுபற்றி வாதங்கள் நிகழ்ந்தன. அண்ணாதுரையவர்கள் ஒருபுறமும், சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையவர்களும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரவர்களும் மறுபுறமும் நின்று பேசினர். மனைவியை வேதியர்க்கு ஈந்த இயற்பகையார், மகனை அரிந்த சிறுத்தொண்டர் ஆகியோர் சரிதங்களே பெரிதும் தாக்கப்பெற்றன. சைவர் பலர் சினந்தனர். சிலர் நாணி, அவையெல்லாம் உருவகமென்று நழுவினர். முதலியாரவர்கள் நழுவவில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்ததாகவே கொண்டு பொருள் உரைத்தார்கள். இயற்பகையார் சரிதத்தில், கணவர் சொற்கேட்டு அம்மையார் முதலிற் கலங்கிப் பின் தெளிந்து தாமும் இசைந்து வணங்கியதைச் சேக்கிழார் வைத்திருக்கும் முறையைக் காட்டி, எனதென்னும் மமகாரம் அற்றவிடத்தில் நிகழும் செயலை எனதென்பது நிறைந்த மனத்தால் அளக்கலாகாதென்னும் நெறியில் அவர்கள் உரை செல்கிறது.

இங்கே நாம் நம் கருத்தை மறையாது கூறவேண்டும். இவ்விடை சித்தாந்தம் கற்றார்க்கு நிறைவு தரும். ஆனால் வெளியே நின்று வினவியவர், சரிதத்தின் மெய்ம்மையை மறுக்கவில்லை. அதன் தருமத்தையே வினவினர். ஊர் எங்கேயென்று காட்டும் சான்று அவ்வினாவைத் தொடாது. இதனை முதலியாரவர்கள் நன்கறிந்திருந்தும், சிலவிடங்களில் வினவியவரை அறியாமையுடையாரென்று கடிந்து மேற்செல்கின்றார்கள். வக்கீலாயினும் எதிர்க்கட்சி வாதத்தை முழுதும் எடுத்து வைத்துப் பின் மறுக்கும் மாபாடிய முறையை, சிவஞான முனிவரைப் பலவிடத்தும் மேற்கோள் காட்டும் அவர்கள் இவ்விடங்களிற் கைக்கொண்டிருப்பின் உரை இன்னும் வலிவுற்றிருக்கும். கற்பனைகளிலும் சில, பாட்டின் வாய்ச்சொல்லிலிருந்து நெடுந்தூரம் சென்று கறந்தவைபோலத் தோன்றும். இவை குறைகளே.

திருநாளைப்போவார் சரிதத்தை மற்றொரு வகையில் நோக்கலாம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையால் நாடெங்கும் பரவிய கதையில் நந்தனாரைத் துன்புறுத்தும் வேதிய ஆண்டை ஒருவர் வருகிறார். சேக்கிழார் புராணத்தில் அவரில்லை. நாடகமும் சினிமாவும் கீர்த்தனையின் வழியே சென்றமையால், கேட்டவர் பலர் அதுவே பெரியபுராணமென்று எண்ணினர். நூலை உள்ளவாறு வாசித்துவிட்டுப் பின் வழக்காடுமின் என்று சொல்லும் உரிமை, நூலின் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பொருளுரைத்தவர்க்கே உண்டு. அக்காலத்தில்தான், 1939இல் மதுரைக் கோயிலில் ஆலயப்பிரவேசம் நிகழ்ந்தது. 1947இல் சென்னை மாகாணச் சட்டமும் வந்தது. நாளைப்போவார் புறத்தே நின்று வழிபட்ட புராணத்திற்கு உரை அச்சேறிக்கொண்டிருந்த ஆண்டுகளும் இவையே. சாதிமுறையைக் குறித்து முதலியாரவர்கள் கொண்டிருந்த கருத்து பழமையானது. அதனை இன்று நாம் அவ்வாறே ஏற்றல் இயலாது. எனினும் அடியார் திருவேடத்தைச் சிவனெனவே தேறவேண்டுமென்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரப் பொருளே இப்புராணத்தின் நடுநாடி என்பதை அவர்கள் உரையே நமக்குத் தெளிவிக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு அவர்கள் நின்ற இடத்திற்கு அப்பாலும் நாம் செல்லலாம்.

பேருரை நிறைவெய்தியபின் முதலியாரவர்கள் சில ஆண்டுகளே இருந்தார்கள். தம் வாழ்க்கையைப் பித்தன் ஒருவனின் சுயசரிதம் என்னும் பெயரால் எழுதி வைத்தார்கள். பித்தன் என்பது நம்பிகள் இறைவரை வைத தோழமைச் சொல். அதனையே தமக்கு இட்டுக்கொண்டது பணிவோ விளையாட்டோ அறிந்தவர் அறிக. 1961ஆம் ஆண்டில், எண்பத்திரண்டாண்டு நிறைந்து, சிவபதமடைந்தார்கள்.

இன்று அவர்கள் உரையைத் திறந்து ஒரு தலவிசேடத்தைக் கொண்டு வழிச்செல்வோர் இடர்ப்படுவர். நிலையங்கள் சிலவற்றின் பெயர் மாறின. இருப்புப்பாதைகள் சில எடுக்கப்பட்டன. நாழிகைக் கணக்கை அறிந்தவரும் இல்லை. ஜில்லாக்கள் பலவாகப் பிரிந்தன. மறுபதிப்புக்கள் பழைய அச்சை அவ்வாறே தந்திருக்கின்றன. மூலத்தைத் திருத்தாமல், ஒவ்வொரு தலத்திற்கும் இக்கால வழியை அடிக்குறிப்பாகச் சேர்த்து, ஏழு பகுதிகளுக்கும் ஒரு பெரிய பொருளகராதியும் செய்து வெளியிடுதல் வேண்டும். நாயன்மார் சென்ற ஊர்களை அம்முறையில் நேரிற் கண்டு குறிப்பெழுதுவதற்கு ஒருவர் போதார். ஆதீன வித்துவான்களும் கல்லூரித் தமிழாசிரியர்களும் நாட்டைப் பகுத்துக்கொண்டு செய்யலாம். கொங்குநாட்டுத் தலங்களை மேற்கொள்வோர் உக்கடத்திலிருந்து பேரூர்ப் பாதையிலேயே தொடங்கலாம். அங்கிருந்து பேரூர் நெடுந்தூரமன்று.